உஷ் அண்ணன் அணைத்த அலாரம்

அவரை எல்லோரும் உஷ் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைக் கேட்டால் அவரே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புவார். தொழில் ஒலிப்பதிவு. மைக்குக்கு முன்னால் ஆள் உட்கார்ந்ததும், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரலை உதட்டில் வைத்து ஒரு "உஷ்" போடுவார். அதற்குப் பிறகு அந்த அறையில் மூச்சு விடவே பயமாக இருக்கும். சோப்புத் தூள் விளம்பரத்துக்குக் குரல் கொடுக்க வந்த ஒருவர் தும்மலை அடக்கி அடக்கி, கடைசியில் மூக்கில் ரத்தம் ஒழுக எழுந்து போனார் என்று ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்ப மறுத்ததில்லை.

வீட்டின் முன்பாதி பதிவுக்கூடம், பின்பாதி குடித்தனம். இரண்டுக்கும் நடுவே கனமான இரண்டு கதவுகள். மனிதருக்குச் சத்தம் என்றாலே ஆகாது. கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பார். அழைப்பு மணியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றது. அதற்கு பேட்டரி வாங்கிப் போடுவதையே நிறுத்திவிட்டார். பதிவு நடக்கும்போது குக்கர் வைக்கக் கூடாது, நாற்காலியை இழுக்கக் கூடாது, குழாயைத் திறந்தால் பாத்திரத்துக்குள் துணியைப் போட்டுத் திறக்க வேண்டும். எது கத்தினாலும் அதன் வாயை அடைக்கும் வரை அவருக்குச் சோறு இறங்காது. அது எதற்காகக் கத்துகிறது என்று கேட்கும் பழக்கம் மட்டும் அவருக்கு இருந்ததில்லை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி, வாயை மூடவே தெரியாத மனுஷி. காய்கறிக்காரரிடம் பேசுவார், காய்கறியிடமும் பேசுவார். தொலைவில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் ஆரம்பித்தால், அந்தப் பெண் அங்கே துணி துவைத்து, உலர்த்தி, மடித்து வைத்த பிறகும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். உஷ் அண்ணன் ரேடியோப் பெட்டியைக் கட்டிக்கொண்டார் என்று உறவுக்காரர்கள் கேலி பேசினார்கள். உண்மை என்னவென்றால், அவருக்கு அந்தக் குரல் பிடிக்கும். இரண்டு கதவைத் தாண்டி மங்கலாக அது கேட்டுக்கொண்டிருந்தால்தான் அவருக்கு வேலையே ஓடும். ஆனால் அதை ஒரு நாளும் அவர் மனைவியிடம் வாய் விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

பதிவுக்கூடத்துக் கம்ப்யூட்டரைச் செய்து கொடுத்தது மனைவியின் தம்பி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி குத்தியிருப்பதால் ஊரில் அவன் பெயரும் திருப்புளி. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். அக்கா புருஷனின் தொழில் முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருக்கிறதே என்று, ஏதோ அலுவலகத்தில் கழித்துப் போட்ட பெரிய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கன்ட்ரோலர் கார்டைக் கொண்டுவந்து மாட்டினான். இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அதே நேரத்தில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். அதற்குள் செத்ததைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட வேண்டும். போடுவதற்கு முன் மற்றதும் போனால் எல்லாம் போச்சு. அதனால்தான் அந்தக் கார்டில் நகக்கண் அளவுக்கு ஒரு ஊதி வைத்திருந்தார்கள். ஒரு டிஸ்க் செத்தால் அது விடாமல் கத்தும்.

அது முதல் முறை கத்தியது ஒரு தொடர்கதைப் பதிவின்போது. கதாநாயகி தாயை இழந்து அழும் இடம். குரல் கொடுத்த அம்மா நிஜமாகவே கண் கலங்கிப் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் பீப், பீப் என்று ஒரே அலறல். அழுகை போயிற்று, அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தது, மறுபடி அழ வரவில்லை. உஷ் அண்ணனுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. திருப்புளி ஓடி வந்தான். டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை, ஒயர் தளர்ந்திருந்தது. இறுக்கி மாட்டிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். அது விழித்துக்கொள்ளும்போது ஒரு பட்டனைத் தட்டினால் நீலத் திரை ஒன்று வரும். கார்டின் அமைப்புகள் எல்லாம் அதில்தான். இரண்டு டிஸ்க்கும் நலமா என்பதையும் அந்தத் திரை சொல்லும். மாமா கேட்டாரே என்று அலாரம் இருக்கும் இடத்தைக் காட்டினான்.

"இப்போதைக்குக் கத்தாதேன்னா இத அழுத்துங்க மாமா. அடுத்து ஏதாவது ஆனா மறுபடி கத்தும். கீழ இருக்கு பாருங்க, டிஸேபிள்னு, அத மட்டும் தொட்டுடாதீங்க. ஒரேயடியா ஊமையாயிடும்."

"அடுத்த தடவையும் பாதி ரெக்கார்டிங்லதான மாப்ள கத்தும்?"

"கத்தறதுக்குத்தான் மாமா அத வச்சிருக்காங்க."

உஷ் அண்ணன் தலையை ஆட்டினார். மச்சினனுக்குக் காப்பி கொடுத்து, வாசல் வரை போய் வழியனுப்பினார். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, நீலத் திரையை வரவழைத்து, டிஸேபிள் என்பதைத் தேர்ந்தெடுத்தார். நிச்சயமாகவா என்று திரை ஒரு முறை கேட்டது. நிச்சயம் என்றார்.

ஒன்றும் தெரியாதவர் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து, நீலத் திரையில் இரண்டு டிஸ்க்கையும் தானே பார்த்துவிடுவது என்று மனசுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். கொஞ்ச காலம் பார்க்கவும் செய்தார். பார்த்த ஒவ்வொரு முறையும் இரண்டும் நலம். நலமாகவே இருப்பதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? வாரம் மாதமாயிற்று. அப்புறம் ஞாபகம் வரும்போது என்று ஆயிற்று. ஞாபகம் வருகிற நாளில் வேலை இருக்கும்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. கம்ப்யூட்டரின் காற்றாடி இரைச்சலும் அவர் காதுக்குப் பெரிதாகத் தெரிந்தது. தச்சரை வரவழைத்து மர அலமாரி ஒன்று செய்து, உள்ளே நாலு பக்கமும் பஞ்சு மெத்தை வைத்துத் தைத்து, கம்ப்யூட்டரைத் தூக்கி அதற்குள் வைத்துப் பூட்டினார். காற்றாடியின் வேகத்தையும் குறைத்தார். பெட்டியின் முகப்பில், டிஸ்க்குக்கு ஒன்று என்று சின்ன விளக்குகள் உண்டு. நலமென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அவையும் அலமாரிக்குள் போயின. கூடம் இப்போது கிணற்றுக்குள் இறங்கியது போல அமைதி. அலமாரிக் கதவில் கை வைத்தால் மட்டும் ஜுரக்காரன் நெற்றி போலச் சுட்டது. பின்பக்கம் ஒரு ஓட்டை போடலாம் என்று நினைத்தார். ஓட்டை போட்டால் சத்தம் வெளியே வரும். போடவில்லை.

மனைவியின் குரலில் ஏதோ சேர்ந்திருப்பதை முதலில் கேட்டதும் அந்தக் காதுதான். வார்த்தை முடிகிற இடத்தில், யாரோ தாளை மெல்லக் கசக்குவது போல ஒரு சரசரப்பு. சளி என்று நினைத்தார். வெந்நீர் குடிக்கச் சொன்னார். பேச்சைக் குறைத்தால் தானாகச் சரியாகும் என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். சரியாகவில்லை. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார், கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறகு இருவரையும் உட்கார வைத்து, ஆள் வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட முடியாது என்றார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மனைவி பேசிக்கொண்டே வந்தார். உஷ் அண்ணன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டே வந்தார்.

மகள்தான் அங்கே இங்கே விசாரித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு கருவி இருக்கிறதாம். நாம் தட்டி எழுதினால் அது பேசும். நம் குரலிலேயே பேசும். குரல் போவதற்கு முன்னால் நிறைய வாக்கியங்களைப் பதிந்து கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அப்பா ஒலிப்பதிவுக்காரர், அம்மா பேச்சுக்காரி. வேறு யாருக்கு இப்படி அமையும் என்று போனிலேயே அழுதுகொண்டு சிரித்தாள்.

காலையில்தான் அந்தத் தொண்டையில் கொஞ்சம் தெளிவு இருந்தது. முதல் நாள் மனைவி மைக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோது, நீலத் திரையைப் பார்த்துப் பல நாள் ஆயிற்றே என்று உஷ் அண்ணனுக்குச் சட்டென்று உறைத்தது. ஒரு ரீஸ்டார்ட், ஒரு பார்வை. எழுந்து அலமாரி வரை போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மனைவி கூப்பிட்டார்.

"ஏங்க, எங்க போறீங்க? குரல் இருக்கறப்பவே ஆரம்பிங்க."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பதிவுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேச்சைப் பதியும் முன் அறையின் வெறும் அமைதியைக் கொஞ்சம் பதிந்துகொள்வார்கள். எந்த அறையும் முழுக்க ஊமை இல்லை. அதற்கென்று ஒரு மெல்லிய இரைச்சல் இருக்கும். அந்த மாதிரியைக் காட்டினால், பேச்சுக்கு அடியில் ஓடும் அதே இரைச்சலை மென்பொருள் துடைத்து எடுத்துவிடும். உஷ் அண்ணன் மனைவியிடமும் வழக்கம் போல விரலை உதட்டில் வைத்து "உஷ்" என்றார். குடித்தனம் நடத்திய இத்தனை வருஷத்தில் தன்னைப் பார்த்து அவர் இப்படிச் செய்ததே இல்லை என்பதால் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தன் லேப்டாப்பில் போட்டுக்கொண்டார் உஷ் அண்ணன். துடைக்கும் மென்பொருள் அதில்தான் இருந்தது.

பிறகு மனைவி படித்தார். பல காலைகள் படித்தார். கருவிக்காரர்கள் கொடுத்த வாக்கியங்கள் முடிந்ததும், அடிக்கடி பேசும் சொந்த வார்த்தைகளையும் பல தொனிகளில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். தன் வாயில் அதிகம் வருவது "ஏங்க" என்பதுதான் என்று மனைவி கண்டுபிடித்தார். சாப்பிடக் கூப்பிடும் ஏங்க, திட்டப்போகும் ஏங்க, பல்லியைப் பார்த்துப் பதறும் ஏங்க, ஒன்றுமில்லை சும்மாதான் என்கிற ஏங்க. எல்லாம் அலமாரிக்குள் இருந்த பெட்டிக்குப் போயிற்று. இரண்டு டிஸ்க்கிலும் எழுதப்படுகிறது என்று கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்தார். அலமாரிக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மனைவி பிழைத்து வீட்டுக்கு வந்தார், கழுத்தில் மூச்சு விட ஒரு துளையோடு. அன்றிலிருந்து வீட்டில் உஷ் அண்ணன் ஆயுசு பூராவும் கேட்ட அமைதி. அவரால் அதில் உட்கார முடியவில்லை. கூடத்தின் இரண்டு கதவையும் திறந்து போட்டார். பரணில் ஏறி அழைப்பு மணியைத் தேடி எடுத்து மாட்டினார். மனைவி கூப்பிட வேண்டுமென்றால் ஸ்பூனால் தட்டில் தட்டுவார்; இவர் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவார்.

கருவி தயாராக, பதிவு போய்ச் சேர வேண்டும். மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இங்கேதான் அந்த மனிதரை உலுக்கலாம் போல வருகிறது. துடைக்காமல் அனுப்ப மாட்டேன் என்றார். முதல் வாக்கியத்தில் தொடங்கி, ஒவ்வொரு இருமலாக, ஒவ்வொரு மூச்சுத் திணறலாக, வார்த்தை முடிவில் வந்த அந்தச் சரசரப்பையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அலமாரிப் பெட்டியிலேயே வெட்டிக்கொண்டிருந்தார். லேப்டாப்பில் போட்டு இரைச்சலைத் துடைப்பது கடைசி வேலை.

"அப்பா, அப்படியே அனுப்புங்க. மிச்சத்த அவங்க பாத்துப்பாங்க."

"அழுக்கோட என் கையிலேர்ந்து எதுவும் போனதில்லம்மா. அதுவும் உங்கம்மா குரல்."

அந்தப் பெண் ஒரு பிரதியாவது வேறு எங்காவது வைத்துக்கொள்ளச் சொன்னாள். துடைத்து முடித்ததும் மொத்தமாக வைக்கிறேன், இரண்டு டிஸ்க்கில் இருக்கிறது, பயப்படாதே என்றார். ஒரு வார்த்தையைச் சுத்தம் செய்துவிட்டு அதையே திரும்பத் திரும்பக் கேட்பார். வேலை நகரவில்லை. நகர வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குரலோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க அவருக்கு ஒரு சாக்கு கிடைத்திருந்தது.

ஒரு மத்தியானம், சாப்பிடக் கூப்பிடும் "ஏங்க"வுக்கு அடியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. டக். நாற்காலி முனகியிருக்கும் என்று அந்த இடத்தை வெட்டினார். அடுத்த வார்த்தையிலும் டக். வளையல் மேசையில் பட்டிருக்கும். அதையும் வெட்டினார். வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்தது, சில சமயம் இரண்டு சேர்ந்தாற்போல. எரிச்சலோடு பதிவை நிறுத்தினார். டக், டக். ஹெட்போனைக் கழற்றினார். கூடத்திலும் அதே சத்தம். அது பதிவில் இல்லை. அலமாரியிலிருந்து வந்தது.

பூட்டைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஒரு விளக்கு சிவப்பாக எரிந்தது. அதில் படிந்திருந்த தூசியைப் பார்த்தாலே அது இன்று நேற்று எரியத் தொடங்கியதில்லை என்று தெரிந்தது. அதன் பக்கத்து விளக்கு பச்சைக்கும் சிவப்புக்கும் மாறி மாறித் துடித்தது. டக் என்ற சத்தம் அந்த டிஸ்க்கிலிருந்துதான். உஷ் அண்ணன் மச்சினனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவன் வண்டியில் போய்க்கொண்டிருந்தான். மேசை மேல், கைக்கெட்டும் தூரத்தில், லேப்டாப் திறந்தே இருந்தது. மனைவியின் பதிவுகளை அந்த நிமிஷம் அதில் இழுத்துப் போட்டிருக்கலாம். எல்லாம் இல்லாவிட்டாலும் பாதி வந்திருக்கும்.

ஆனால் டிஸ்க்கின் நலம் தெரிய வேண்டுமென்றால் அவருக்குத் தெரிந்த ஒரே வழி நீலத் திரை. நீலத் திரைக்குப் போக வேண்டுமென்றால் ரீஸ்டார்ட். எத்தனையோ தடவை செய்த வேலை, கை தானாகப் போயிற்று. காற்றாடி ஓய்ந்தது. டக் சத்தமும் ஓய்ந்தது. ஒரு கணம் கூடத்தில் பரிபூரண அமைதி. பிறகு கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. பட்டனைத் தட்டினார். நீலத் திரையில் முதல் டிஸ்க் செத்துவிட்டது என்று இருந்தது. இரண்டாவது டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில், டிஸ்க் இல்லை என்று இருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. திருப்புளி தெருவோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசினான்.

"மாமா, டக்டக்னு சத்தம் வருதா? எத வேணா பண்ணுங்க, மிஷினை மட்டும் அணைச்சிடாதீங்க. நின்னா மறுபடி சுத்தாது."

உஷ் அண்ணன் நீலத் திரையை மறுபடி ஒரு முறை படித்தார். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அவன் வந்து, அலமாரியையும் மெத்தையையும் பார்த்தான். நீலத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் அலாரம் என்ற வரியில் நின்றான். திரும்பி மாமாவின் முகத்தைப் பார்த்தான். அலாரத்தை மறுபடி இயங்க வைத்தான். அந்த நொடியே கார்டு அலறத் தொடங்கியது. இத்தனை காலம் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் சேர்த்துக் கத்தியது போல இருந்தது. அடுப்படியிலிருந்து மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தார். தம்பியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் அதை நிறுத்தப் போகவில்லை. அந்த அலறலுக்கு நடுவிலேயே உஷ் அண்ணன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், தான் அலாரத்தை அணைத்ததையும் சேர்த்து. மனைவி போனை எடுத்து ஒரே ஒரு வார்த்தை தட்டிக் காட்டினார்.

எல்லாமேவா?

அவர் ஆமென்று தலையை ஆட்டினார். மனைவி அடுப்படிக்குத் திரும்பிப் போனார். வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

டிஸ்க்கைப் பிரித்துப் பார்த்து எடுத்துத் தருகிறவர்களிடம் திருப்புளியே இரண்டையும் கொண்டு போனான். இரண்டாவதில் உள்ளே சுழலும் தட்டு முழுக்கக் கீறிவிட்டது, ஒன்றும் தேறாது என்று சொல்லிவிட்டார்கள். முதலாவதிலிருந்து எல்லாம் வந்தது. ஆனால் அது மனைவி மைக்குக்கு முன்னால் உட்காருவதற்கு வெகு முன்பே செத்துப்போயிருந்தது. சோப்புத் தூள் விளம்பரங்கள் ஒன்று விடாமல் பத்திரமாக இருந்தன. அக்கா குரல் ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொல்லிவிட்டு அவன் கூடத்துப் படியில் உட்கார்ந்து, திருப்புளியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே அழுதான். அவனுக்கு அவள் ஒரே அக்கா.

மகள்தான் லேப்டாப்பில் தேடிப் பார்க்கச் சொன்னாள். அதில் கிடைத்தது ஒன்றே ஒன்று. முதல் நாள் வெட்டிப் போட்ட அறையின் அமைதி.

உஷ் அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். முதலில் அவர் குரல்: உஷ். பிறகு அறையின் மெல்லிய இரைச்சல். நாற்காலி லேசாக முனகியது. அடக்க முடியாத சிரிப்பு ஒன்று மூக்கு வழியாகக் கொஞ்சம் கசிந்து, நின்றது. மறுபடி இரைச்சல். கடைசியில், பேசத் தொடங்குவதற்காக மனைவி மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அத்தோடு முடிந்தது. வார்த்தை ஒட்டிக்கொண்டு வந்துவிடாமல், மயிரிழை பிசகாமல், அந்த இடத்தில் அவரே வெட்டியிருந்தார்.

மறுபடி போட்டார். அதற்கப்புறமும் போட்டார். பின்னால் மனைவி ஸ்பூனால் தட்டில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, அவருக்குக் கேட்காததால் உள்ளே வந்து நின்றார். உஷ் அண்ணன் ஹெட்போனைக் கழற்றி ஒரு பக்கத்தை மனைவியின் காதில் வைத்தார், மறுபக்கத்தில் தன் காதை ஒட்டிக்கொண்டார். "உஷ்" என்றதும் மனைவிக்கு அன்று போலவே சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது, சத்தம் இல்லை. இரைச்சல் ஓடியது. நாற்காலி முனகியது. மூச்சு உள்ளே இழுபட்டு, பதிவு நின்றது.

நின்ற இடத்தில் மனைவி வாயைத் திறந்தார். உதடு மட்டும், ஏங்க, என்றது.

"என்னம்மா?" என்றார் உஷ் அண்ணன்.